தாளுக்கு ஆகாதவை

நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலர் சென்ற மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தீர்கள். நிலைய அலமாரியில் கிடந்த பழைய பாசித் தாள்களைப் பார்த்ததாகவும், ஒவ்வொன்றும் ஓவியம்போல் இருப்பதாகவும் சொன்னீர்கள். பாசியை அவ்வளவு அழகாகத் தாளில் படியவைக்கும் முறையை எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டீர்கள். தட்டில் நீரை ஊற்றிப் பாசியை மிதக்கவிடுவதும், அடியில் தாளைச் செருகி ஈர்க்கால் கிளைகளை விரித்துவிடுவதும், மெல்ல நீரை வடிப்பதும் சில வாரங்களில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்கு என் எழுத்து வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாள்களை நீங்கள் புகழ்ந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலும். அது வெட்கம். அதன் காரணம் உங்கள் வேலைக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கரையோரத் தாவரங்களைக் கணக்கெடுப்பதற்காக ஒரு சிறு ஆய்வு நிலையம் வைத்திருந்தார்கள். இரண்டு அறைகள், ஒரு பின்கட்டு, ஒரு கிணறு, அவ்வளவுதான் நிலையம். சென்னையில் தாவரவியல் படித்துவிட்டு ஊர் திரும்பிய நான் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை செய்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். நிலையத்தின் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர், உரத்துப் பேசாதவர். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த அனைத்தும் அவரிடம் கற்றவை என்பது மட்டும் போதும்.

நம் கரை மணற்கரை. பாசி பற்றிக்கொண்டு வளர ஒரு பிடிப்பு வேண்டும். மணலில் அது கிடைக்காது. அரசலாறு கடலில் சேரும் இடத்தில், கரை அரிக்காமல் இருப்பதற்காக யாரோ எப்போதோ கொட்டிவைத்த கருங்கல் வரிசை ஒன்று இருந்தது. அதன் ஒரு முனை கடலுக்குள் நீண்டு அலையை நேராக வாங்கிக்கொண்டிருந்தது. மறுமுனை ஆற்றுக்குள் வளைந்து, குளத்து நீர்போல் அசையாத நீரில் கிடந்தது. நாங்கள் பாசி எடுத்ததெல்லாம் அங்கேதான்.

கடல்முனையில் வளர்ந்த பாசி குட்டையானது. தடித்த தண்டும் நெருங்கிய கிளைகளும் உடையது. கல்லோடு கல்லாகப் பற்றியிருக்கும். ஆற்றுமுனையில் இருந்தது நீளமானது. நூல்போல் மெலிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளைவிட்டு, நீரில் கூந்தல்போல் மிதக்கும். ஊரார் முன்னதைக் கல்லுப்பாசி என்றும் பின்னதை ஆத்துப்பாசி என்றும் அழைத்தார்கள். கல்லுப்பாசியைக் காயவைத்து வெளுத்துக் காய்ச்சினால் கட்டியாக உறையும். நோன்புக் காலத்தில் இஸ்லாமியர் வீடுகளில் சர்க்கரையும் பாலும் சேர்த்துச் செய்கிற கடற்பாசி அதுதான். ஆத்துப்பாசி உறையாது என்பது பொதுவான எண்ணம். அதை வெறும் குப்பையாகவே பார்த்தார்கள். பெயர் இரண்டு, தோற்றம் இரண்டு, இடம் இரண்டு. இவை வேறு வேறு இனங்கள் என்பதில் எங்களுக்கும் ஐயம் எழவில்லை. ஆத்துப்பாசி இதுவரை எவரும் விவரித்திராத புதிய இனமாக இருக்கலாம் என்று தலைவர் கருதினார். அதற்குப் பெயரிட்டு வெளியிட அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

இனி எங்கள் நிலையத்தில் அன்றாடம் புழங்கிய ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். கரையிலிருந்து கூடையில் பாசி வந்ததும் அதைத் தரம் பிரிப்பது என் வேலை. முழுமையானதும், கிளை முறியாததும், தன் இனத்தின் குணங்களைத் தெளிவாகக் காட்டுவதும் தாளுக்குப் போகும். மற்றவை பின்கட்டு வாளிக்குப் போகும். அவற்றைத் 'தாளுக்கு ஆகாதவை' என்போம். முறிந்ததும் அழுகியதும் மட்டும் வாளிக்குப் போயிருந்தால் குறையில்லை. குட்டையும் இல்லாமல் நீளமும் இல்லாமல், தடிப்பும் இல்லாமல் மெலிவும் இல்லாமல், பார்த்தவுடன் இன்னதென்று சொல்லமுடியாதபடி இருந்தவற்றையும் நான் வாளியில்தான் போட்டேன். அவை வளர்ச்சி குன்றியவை, நல்ல மாதிரிகள் அல்ல என்பது என் எண்ணம். எவரும் எனக்கு அப்படிக் கற்றுத்தரவில்லை. அழகான தாள் செய்யும் ஆசை தானாகக் கற்றுத்தந்தது.

திருமலைராயன்பட்டினத்தில் அபூசாலி மரைக்காயர் என்று ஒரு வணிகர் இருந்தார். நோன்புக்கு முன் காய்ந்த பாசி விற்பது அவருடைய பல தொழில்களுள் ஒன்று. அவருடைய ஒரே மகளை அதே ஊரில் ஒரு வீட்டுப் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அத்தெருக்களில் பல குடும்பங்களில் திருமணத்துக்குப்பின் மாப்பிள்ளை பெண்வீட்டிலேயே வந்து தங்குவது வழக்கம். அவ்வாறே மருமகனும் மரைக்காயர் வீட்டு மாடியறையில் இருந்தான். அந்த ஆண்டு நோன்பில், மரைக்காயர் கொடுத்தனுப்பிய பாசியை மருமகனின் தாயார் விருந்துக்காகக் காய்ச்சினார். அது உறையவில்லை. விருந்தினர் முன் தட்டில் தண்ணீராக நின்றது. சம்பந்தி வீட்டுக்கே குப்பையைக் கலந்து அனுப்பிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. சந்தையில் உணவுப்பொருள்களைப் பார்க்கும் அதிகாரியின் காதுக்கு அது போனது. அவர் மரைக்காயர் கிடங்கிலிருந்து ஒரு மூட்டையை எங்கள் நிலையத்துக்கு அனுப்பினார்.

மரைக்காயரும் கூடவே வந்திருந்தார். மூட்டையை அவிழ்க்கும்போது, "எல்லாம் அந்தக் கல்லுலேருந்து எடுத்ததுதாங்க. வேற எடத்துல என் ஆளுங்க கை வெக்கிறதில்ல" என்றார்.

நான் மேசைமேல் கொட்டிப் பிரித்தேன். தடித்தவை ஒரு குவியல்; மெலிந்தவை ஒரு குவியல். இடைப்பட்டவையும் இருந்தன. அவற்றை என் கை பழக்கப்படி ஒதுக்கிவிட்டது. தலைவர் வந்து இரு குவியல்களையும் பார்த்தார்.

"சந்தேகம் ஏதும் உண்டாம்மா?"

"இல்லைங்க சார்."

மூட்டையில் இருவேறு இனங்கள் கலந்துள்ளன என்று அவர் கருத்து எழுதிக் கையொப்பமிட்டார். அதிகாரி அதைக் கடைத்தெருவில் நாலுபேர் நடுவில் படித்தார். தண்டனை ஏதும் இல்லை, எச்சரித்துவிட்டதோடு சரி. ஆனால் நோன்பு திறக்கிற பொருளில் கலப்படம் செய்தவர் என்ற பெயர் மரைக்காயருக்கு வந்தது. மறுவாரம் மருமகன் மாடியறையைக் காலிசெய்துகொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டான். அவன் திரும்ப வரவில்லை. அந்தப் பெண் வாழாவெட்டியானாளா இல்லையா என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இவையெல்லாம் என் காதுக்கும் வந்தன. உண்மையைத்தானே சொன்னோம், அதற்கு நாம் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன், தலைவர் தம் புதிய இனத்தைப் பற்றிய கட்டுரையை முடிக்கும் நிலையில் இருந்தார். இரு இனங்களும் ஒரே கல்வரிசையில் எந்த இடம்வரை பரவியிருக்கின்றன என்று ஒரு வரி எழுதவேண்டியிருந்தது. வரிசையின் நடுப்பகுதியிலிருந்து இரண்டுக்கும் நல்ல மாதிரிகள் கொண்டுவரச் சொன்னார். நடுக்கற்களில் வழுக்கல் மிகுதி; அதுவரை நாங்கள் அங்கே நின்று பாசி எடுத்ததில்லை. போனேன். கூடை நிறையக் கொண்டுவந்தேன். மேசையில் கொட்டிப் பார்த்தபோது தாளுக்கு ஆகக்கூடியது ஒன்றுகூட இல்லை.

"நல்ல மாதிரியே கிடைக்கலைங்க சார். எல்லாம் ரெண்டுங்கெட்டானா இருக்கு."

அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். குவியலில் கையைவிட்டு ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். "எல்லாமேவா?" என்று கேட்டார். மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கல்வரிசைக்குப் போனார். நானும் போனேன். அலை மோதும் முனையில் தொடங்கி, ஒவ்வொரு கல்லிலும் கைக்கு முதலில் அகப்பட்ட பாசியைப் பறித்தார்; நல்லதா கெட்டதா என்று பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவிடவில்லை. ஒவ்வொன்றையும் நூலில் முடிந்து, கல்லின் வரிசைப்படி கோத்துக்கொண்டே ஆற்றுமுனைவரை வந்தார். வழியில் ஒருமுறை வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். கோத்த நூலை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.

நிலையத்தில் நீண்ட மேசைமேல் ஈரத்துணி விரித்து அதே வரிசையில் பரப்பினோம். இந்தக் கோடியில் குட்டையும் தடிப்பும். அந்தக் கோடியில் நீளமும் மெலிவும். இடையில் ஒவ்வொன்றும் தனக்கு முன்னதைவிட அணுவளவு நீண்டு, அணுவளவு மெலிந்து போயிற்று. பாய்ச்சல் எங்கும் இல்லை. அலை வலுத்த இடத்தில் செடி ஒடுங்கி இறுகியிருந்தது. அலை தணியத் தணியத் தளர்ந்து நீண்டிருந்தது. செடி ஒன்றுதான். நீர்தான் அதை இருவிதமாக வளர்த்திருந்தது. ஒரே பெரிய கல்லின் கடல்முகத்தில் ஒன்றும் முதுகுப்புறத்தில் மற்றொன்றுமாக இரு வடிவங்களும் இருந்ததை அன்றுதான் கண்டோம். மரைக்காயரின் ஆட்கள் அந்தக் கற்களைச் சுற்றிச்சுற்றிப் பறித்திருந்தால் மூட்டைக்குள் இரண்டு குவியலும் இருக்கத்தான் செய்யும்.

தலைவர் ஒரு பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"எந்த எடத்துல கோடு போடுவே, சொல்லும்மா."

நான் பென்சிலை வாங்கவில்லை. வரிசையின் நடுவில் கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் உடன்பிறப்புகளைக் கூடை கூடையாக நான் வாளியில் போட்டிருந்தேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "நான் ஒருநாளாவது அந்த வாளியைப் பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். கட்டுரைத் தாள்களைச் சேர்த்துக் கட்டி மேசையடியில் வைத்தார். புதிய இனம் அதோடு முடிந்தது. அதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. "மரைக்காயர்கிட்ட போகணும்" என்றார்.

நிலையத்தின் நிர்வாக வேலைகளைப் பார்த்த அலுவலர் ஒருவர் இருந்தார், நல்லவர்தான். அவருக்கு இது பிடிக்கவில்லை.

"சார், ஒரு திருத்தம் எழுதி ஃபைல்ல வெச்சிருவோம். யாராச்சும் கேட்டா காட்டலாம். அந்த ஆளு பாசி ஏவாரத்தையே விட்டுட்டாரு. நாமளா போயி தலையைக் குடுக்கணுமா?"

"ஃபைல்ல வெச்சா யார் படிப்பா?"

"அதுக்குத்தானே சார் ஃபைலு."

தலைவர் சிரித்துவிட்டார். பிறகு, "கருத்தைக் கடைத்தெருவுல படிச்சாங்க. திருத்தத்தை அலமாரியில வெச்சா ரெண்டும் சமமாகுமா?" என்று கேட்டார். அலுவலர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். மற்றொன்றும் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது: இரண்டும் ஒரே இனமாக 'இருக்கக்கூடும்' என்று எழுதினால் போதாதா? முன்பு சொன்னதும் முழுப்பிழையாகாது. இப்போது சொல்வதும் உண்மையாகும். அந்தச் சொல் நாவின் நுனிவரை வந்தது. முழங்கைச் சிராய்ப்பில் அவர் துணி சுற்றியிருந்ததைப் பார்த்து விழுங்கிவிட்டேன். இத்தகைய சொற்களுக்கு உங்களுக்கும் ஒருநாள் ஆசை வரும். ஐயம் உள்ள இடத்தில் அவை நேர்மையானவை. ஐயம் இல்லாத இடத்தில் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். உங்களுக்கு எதற்காக அச்சொல் தேவைப்படுகிறது என்று மட்டும் பாருங்கள்.

திருமலைராயன்பட்டினத்துக்குப் பேருந்தில் போனோம். நோன்பு தொடங்கியிருந்தது. கல்வரிசையிலிருந்து அன்று காலை பறித்த பாசிகளை ஒரு மூடிபோட்ட எனாமல் தட்டில் கடல்நீரோடு என் மடியில் வைத்திருந்தேன். மரைக்காயர் கடையில் இருந்தார். பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை மரைக்காயர் உட்காரச் சொன்னார். தலைவர் உட்காரவில்லை. நின்றபடி, எல்லாருக்கும் கேட்கும்படி, தாம் சென்ற ஆண்டு எழுதிக்கொடுத்தது தவறு என்றார். இரண்டும் ஒரே பாசி, மூட்டையில் கலப்படம் இல்லை என்றார். அதை எழுதியும் நீட்டினார். நான் பிரித்துக் கொடுத்த குவியல்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'நாங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை, 'நான்' என்றார்.

மரைக்காயர் தாளை வாங்கி மடித்துத் தராசுத்தட்டில் வைத்தார்.

"ஏன் சார், இந்த ஒரு வருசத்துல கடலு வந்து ஒங்ககிட்ட ரகசியமா சொல்லிச்சா?"

பெஞ்சில் ஒருவர் சிரித்தார்.

"நான் சரியாப் பாக்கலை" என்றார் தலைவர்.

"அன்னைக்கு ரெண்டுன்னீங்க. இன்னைக்கு ஒண்ணுங்குறீங்க. அன்னைக்கும் இதே மாதிரி அடிச்சுத்தான் சொன்னீங்க." மரைக்காயரின் குரல் உயரவில்லை. "நான் என்ன பண்ணேன் தெரியுமா? படிச்சவங்க சொல்றாங்களேன்னு, இருவது வருசமா எனக்குப் பாசி எடுத்தவனுங்களக் கூப்புட்டு, ஏண்டா ஆத்துல பொறுக்கி என் தலையில கட்டுனீங்கன்னு வெரட்டி வுட்டேன். மண்டபத்தூர்க்காரனுங்க. அவனுங்க அழுதுகிட்டே போனானுங்க. அவனுங்க பேச்ச நம்பல, ஒங்க பேச்ச நம்புனேன்."

தலைவர், "அவங்க ஊருக்கும் போறேன்" என்றார்.

"போங்க. நல்லதுதான்." மரைக்காயர் என் பக்கம் திரும்பினார். "கடைத்தெருவுல சொல்லி எனக்கு ஒண்ணும் ஆவப்போறதில்லம்மா. இங்க இருக்குறவன்லாம் அஞ்சு நாளுல வேற கதைக்குப் போயிருவான். எனக்கு ஒரு வீட்டுல சொல்லணும். சம்பந்தியம்மா வீட்டுல. ஆம்பளைங்க சொன்னா வாசலோட நிக்கும். நீங்க உள்ள போயி அந்தம்மா மொவத்தப் பாத்துச் சொல்லணும். சொல்லுவீங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "நீ போய்த்தான் ஆகணும்னு இல்லம்மா" என்றார். போகாமல் இருப்பதற்கு எனக்கு அவர் வழிவிட்டதுதான் என்னைப் போகச் செய்தது.

அந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மரைக்காயரும் தலைவரும் தெருவின் எதிர்வாடையில் நின்றுகொண்டார்கள். நான் தட்டோடு உள்ளே போனேன். கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே திரை தொங்கியது. மருமகன் கூடத்தில் ஏதோ புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோரம் போய் நின்றான். திரையை விலக்கிக்கொண்டு அவன் தாயார் வந்தார். பருத்த உடல், களைத்த முகம்.

"யாரு வூட்டுப் புள்ளம்மா நீ?"

"காரைக்காலுங்க. மாதா கோயில் தெரு. பாசி பாக்குற ஆபீசுலேருந்து வர்றேன்."

"அட, அந்த ஆபீசா? ஒங்க தயவுலதான் எங்க வூட்டுத் தட்டு ஊரெல்லாம் பேமசாப் போச்சு." பிறகு, "ஒக்காரு. எங்களுக்கு நோன்பு, அதுக்காக ஒனக்குத் தண்ணி தரமாட்டேன்னு நெனைக்காத" என்று குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உட்காரவும் குடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

தட்டின் மூடியைத் திறந்து பாயில் வைத்தேன். பாசிகளைக் கல்லின் வரிசைப்படி நீரிலேயே ஒதுக்கி மிதக்கவிட்டேன். கடல்முனையில் வளர்ந்தது இது, ஆற்றுமுனையில் வளர்ந்தது இது, நடுவில் இவை. எல்லாம் ஒரே செடி, அலையால் மாறியது என்று சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். விரலை நனைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தொட்டுக்கொண்டே போனார். கவனமாகத்தான் பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது.

"ஆமா. எங்கயும் அறுந்து போவல" என்றார்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவர் நிமிர்ந்தார்.

"எல்லாம் ஒண்ணுன்னா, எங்க வூட்டுல ஏன் ஒறையல?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவேண்டும், எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடிக்குள் பல விடைகள் மனத்தில் ஓடின. தண்ணீர் அதிகமாகியிருக்கும். பாசி சரியாகக் காய்ந்திருக்காது. காய்ச்சியது போதாமல் இருந்திருக்கும். இவற்றுள் எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். படித்த பெண் சொல்கிறாள். கையில் தட்டு இருக்கிறது. எதிர்வாடையில் ஒரு தகப்பனார் காத்துக்கொண்டிருந்தார். விடை ஒன்று கொடுத்தால் இந்த வீட்டுக் கதவு இப்போதே திறந்துவிடும். கொடுக்காவிட்டால் திறக்காமலே போகலாம். சுவரோரம் நின்ற பையனும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எதைச் சொன்னாலும், முன்பு எங்கள் கருத்து ஒரு வீட்டின் மேல் விழுந்ததுபோல, இது இந்த அடுக்களையின் மேல் விழும்.

"அது எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சினமில்லை, சினந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"தெரியலைன்னு சொல்ல வருதே ஒங்களுக்கு. அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

நாற்பது ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தேன். என் பிழைகளைப் பலர் பல மொழிகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இதைவிடச் சரியாக எவரும் சொன்னதில்லை. தட்டில் மிதந்த பாசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாயார் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, ஒன் மாமா வாசல்லயா நிக்கிறாரு?"

"எதுத்தாப்புல நிக்கிறாரும்மா."

"வெயில்ல நோன்பாளிய நிக்க வெச்சுட்டு என்னத்தடா புத்தவம் படிக்கிற? போயி கூட்டிட்டு வா. அப்புடியே ஒன் பொட்டியையும் கட்டு. இன்னைக்கு நோன்பு தொறக்க அவங்க வூட்டுக்குப் போயிரு. அந்தப் பொண்ணு மொவத்துல முழிக்க எனக்கே கூச்சமா இருக்கு. நாளைக்கு நானும் வர்றேன்னு சொல்லு."

அவன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான். நான் தட்டை மூடிக்கொண்டிருந்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. நீர் பாயில் சிந்தியது. முந்தானையால் துடைக்கப் போனேன். அந்தத் தாயார், "வுடும்மா, கடத்தண்ணிதானே" என்றார்.

மரைக்காயர் படியேறி வந்தார். ஓராண்டாக மிதிக்காத படி. உள்ளே வந்ததும் சம்பந்தியம்மாவுக்குச் சலாம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அல்லா ஒங்கள நல்லா வெச்சிருக்கட்டும்மா. பெரிய ஒதவி பண்ணீங்க."

அவரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டதைத்தான் திருப்பிக் கொடுத்தோம். அதுவும் ஓராண்டு கழித்து, அதுவும் முழுதாக இல்லை. அதற்கு அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை ஏற்பதா மறுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றால் பொய், மறுத்தால் அவருடைய மகிழ்ச்சியின் நடுவில் என் பழியைப் பேசவேண்டும். தலையை மட்டும் அசைத்துவிட்டு, கை நனைய நனையத் தட்டைத் தூக்கிக்கொண்டு, அவர் கண்ணைப் பார்க்காமல் வாசலைக் கடந்தேன்.